கோர்ட்டுக்குக் கீழே ஒரு அறை

ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. இன்னிக்கு எழுதப் போறது கொஞ்சம் நீளம், கொஞ்சம் கனம். காப்பியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எல்லாம் ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டில்தான் ஆரம்பிச்சது. 45 மைல் போக வேண்டிய ரோட்டில் 61. பின்னாடி நீலமும் சிவப்பும் மின்னியதைப் பார்த்ததும் தங்கமணி ஒண்ணும் சொல்லலை, சும்மா ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு அபராதமே தேவலை. போலீஸ் மாமா நல்ல மனுஷர். சிரிச்சுக்கிட்டே பேப்பரைக் கிழிச்சுக் கையில் கொடுத்து, கவுண்டி கோர்ட்டில் போய்க் கட்டுங்கன்னு வழியனுப்பி வெச்சார்.

நான் இருக்கிறது அமெரிக்காவின் தென் மாநிலம் ஒண்ணுல. (எந்தக் கவுண்டின்னு சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் போக வேண்டிய வேலை இருக்கு.) செங்கல் கட்டடம், முன்னால நாலு வெள்ளைத் தூண், புல்தரையில் ஒரு பழைய பீரங்கி. பணம் கட்டுற ஜன்னலில் வரிசை நீளமா இருந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டரும், ‘பொதுமக்கள் பார்வைக்கு’ன்னு ஒரு அட்டையும். சும்மா இருக்க முடியுமா? போய் என் பேரைத் தட்டினேன். ஒண்ணும் வரலை. அப்பாடா, நம்மளை மறந்துட்டாங்கன்னு ஒரு நிமிஷம் சந்தோஷம். அப்புறம் ஒரு சந்தேகத்தில் அப்பா பேரைத் தட்டினேன். வந்துடுச்சு!

நம்மாளுங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பேர் ஆகி, விசாவில் ஏறி, லைசென்ஸில் ஏறி, கடைசியில் இங்கே வந்து நிக்குது. ஜென்மத்தில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத மனுஷர் இந்தக் கவுண்டியின் ஆவணப்படி 61 மைல் வேகத்தில் பறந்திருக்கார். பேர், பிறந்த தேதி, வண்டி நம்பர், எந்த ரோடு, எத்தனை மணி, எல்லாம் திரையில். யார் வேணா பார்க்கலாம், காசு கொடுத்து நகல் எடுத்துக்கிட்டும் போகலாம்.

“அது மொத்தமும் பொதுச் சொத்துதான் ஹனி” என்றது பக்கத்துக் குரல். இந்தப் பக்கம் வயசான பெண்கள் யாரையும் ஹனின்னுதான் கூப்பிடுவாங்க. தமிழில் ‘தம்பி’ன்னு வெச்சுக்குங்க. எழுபத்தஞ்சு வயசு இருக்கும், கறுப்பினப் பெண்மணி, மடியில் ஒரு கனமான ஃபைல். தன் தாத்தாவோட நிலத்து வழக்கைத் தேடி நாலாவது தடவையா வந்திருக்காராம். கம்ப்யூட்டரில் இருக்கிறது சமீபத்திய வழக்குகள் மட்டும்தான். பழசெல்லாம் கீழே, பேஸ்மென்ட்டில். “அந்தச் சின்னப் பையன் எம்மெட் டில்லோட பேப்பரை எடுக்கவே அறுபத்தேழு வருஷம் ஆச்சு. எங்க தாத்தாவோடது எந்த மூலையில் கிடக்கோ” என்றார்.

எம்மெட் டில் பேர் எனக்குத் தெரியும். 1955, மிசிசிப்பி, கொலை, வரைக்கும். ‘பேப்பரை எடுத்தாங்க’ன்னா என்னன்னு தெரியாது. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன், ரெண்டு வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி தூங்கலை. அதைத்தான் உங்க தலையில் இறக்கப் போறேன்.

முதல்ல கவுண்டி கதை. அமெரிக்காவில் 3,000க்கும் மேல கவுண்டி இருக்கு. சாதாரண ஜனங்களோட வழக்கு, அதாவது கொலை, திருட்டு, விவாகரத்து, உயில், வரப்புத் தகராறு எல்லாமே பெரும்பாலும் கவுண்டி அளவிலான கோர்ட்டில்தான் நடக்கும். காகிதமும் அங்கேதான் தங்கும். ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குப் பேர் வெச்சிருக்கு. நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’னா உச்ச நீதிமன்றம் இல்லை, சாதாரண விசாரணைக் கோர்ட். பென்சில்வேனியாவில் சிவில் வழக்கோட கிளார்க்குக்குப் பேர் ‘புரோத்தோனோட்டரி’, வாய் சுளுக்கிக்கும். மிசிசிப்பியில் கிரிமினல் வழக்குக்கு சர்க்யூட் கிளார்க். நிலப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் சான்சரி கிளார்க், தனி ஆபீஸ், தனி அலமாரி. போதாக்குறைக்கு, மிசிசிப்பியின் 82 கவுண்டியில் பத்துக்கு ரெண்டு ரெண்டு தலைநகர். ஒரே கவுண்டி, ரெண்டு கோர்ட் கட்டடம். தப்பான கட்டடத்தில் போய்க் கேட்டா, “அப்படி எதுவும் இங்கே இல்லையே”ன்னு ரொம்ப உண்மையான ஒரு பதில் கிடைக்கும்.

நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி இங்கேயும் ஒண்ணு உண்டே, அதில் கேட்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணிச்சு. 1966ல் வந்த தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கு மட்டும்தான், கோர்ட்டுக்குப் பொருந்தாது. கோர்ட் ஆவணத்தைப் பார்க்கிற உரிமை அதுக்கெல்லாம் முன்னாடி, இங்கிலாந்துப் பொதுச் சட்டத்திலேர்ந்து வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ல் அதை வெளிப்படையாவே சொல்லியிருக்கு: கோர்ட் ஆவணங்கள் உட்பட பொது ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒரு பொதுவான உரிமை உண்டு, ஆனா அது எல்லையில்லாத உரிமை இல்லை. வேடிக்கை என்னன்னா, அது நிக்சனோட டேப்புகளைப் பத்தின வழக்கு. உரிமை உண்டுன்னு சொல்லிட்டு, கேட்டவங்களுக்கு டேப் நகலைக் கொடுக்க வேண்டியதில்லைன்னும் அதே தீர்ப்பில் சொல்லிட்டாங்க.

சிறுவர் வழக்கு, தத்தெடுப்பு, நீதிபதி சீல் வெச்சது, கிராண்ட் ஜூரி விசாரணை, இதெல்லாம் பொதுவா கிடைக்காது. மத்ததெல்லாம் கேட்டா காட்டணும். கேட்கிற காரணத்தையும் பொதுவா சொல்ல வேண்டியதில்லை. ஆனா கிளார்க்கோட வேலை ஆவணத்தைப் பாதுகாக்கிறதும், கேட்டா எடுத்துக் காட்டுறதும்தான். உங்களுக்காகத் தேடுறது அவங்க வேலை இல்லை. வழக்கு எண் தெரிஞ்சா அஞ்சு நிமிஷம். தெரியலைன்னா பேர், வருஷம், எந்த வகை வழக்குன்னு நீங்கதான் சொல்லணும். அப்பா பேரா, நம்ம பேரா, புருஷன் பேராங்கிறதுலேயே பாதி உயிர் போயிடும். இந்தப் புருஷன் பேர் விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம். 1955 ஆகஸ்ட்.

எம்மெட் டில், வயசு 14, சிகாகோ பையன். கோடை லீவுக்கு மிசிசிப்பியில் இருக்கிற தாத்தா உறவுக்காரர் மோசஸ் ரைட் வீட்டுக்கு வந்திருந்தான். அவர் குத்தகைக்குப் பருத்தி பயிர் செய்றவர். பக்கத்துக் கிராமத்தோட பேர் மனி, நம்ம டாலர் மனியேதான். இருக்கிறது லெஃப்ளோர் கவுண்டியில். ஆகஸ்ட் 24ம் தேதி அங்கே ராய் பிரையன்ட் என்பவரோட மளிகைக் கடைக்குப் பசங்களோட போனான். கவுன்டரில் இருந்தது ராயோட மனைவி கேரலின், வயசு 21. அங்கே என்ன நடந்ததுன்னு ஆளுக்கொண்ணு சொல்லியிருக்காங்க. வெளியே வந்தப்போ விசில் அடிச்சான்னு கூட இருந்த உறவுக்காரப் பையன் பின்னாளில் சொன்னார். 28ம் தேதி விடியறதுக்கு முன்னாடி ராய் பிரையன்ட்டும் அவரோட சித்தப்பா, பெரியப்பா வழி இல்லாம, தாய் ஒண்ணு தகப்பன் வேறயான அண்ணன் ஜே. டபிள்யூ. மிலமும் துப்பாக்கியோட மோசஸ் ரைட் வீட்டுக்கு வந்து, தூங்கிட்டிருந்த பையனை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

வெளியே வண்டியில் இன்னொருத்தர் இருந்தாங்கன்னு மோசஸ் ரைட் சொன்னார். “இவன்தானா?”ன்னு இவங்க கேட்டதுக்கு, ஆம்பளைக் குரலை விட மெல்லிசான ஒரு குரல் ஆமான்னு சொல்லிச்சாம். அது யார்னு எந்தக் கோர்ட்டிலும் நிரூபணம் ஆகலை. ஆனா இந்த வாக்கியத்தால்தான் ஒரு காகிதம் பிறந்தது.

மூணு நாள் கழிச்சு, 31ம் தேதி, டாலஹாச்சி ஆத்துல உடல் கிடைச்சது. கழுத்தில் பருத்தி ஜின்னிங் மில்லோட கனமான இரும்பு விசிறி, முள்கம்பியால் கட்டி. மகனோட சவப்பெட்டியைத் திறந்தே வைக்கணும், என்ன செஞ்சாங்கன்னு உலகம் பார்க்கட்டும்னு அம்மா மேமி டில் முடிவு பண்ணினதும், அந்தப் படம் ஜெட் பத்திரிகையில் வந்ததும் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதை இங்கே விவரிக்க மனசு வரலை.

ஆவணம் தேடுறவங்க பார்வையில் இதைப் பாருங்க. கடத்தினது லெஃப்ளோர் கவுண்டியில். உடல் கிடைச்சது பக்கத்து டாலஹாச்சி கவுண்டியில். அடிச்சுக் கொன்னது சன்ஃபிளவர் கவுண்டியில் ஒரு கொட்டகையில் என்பது பின்னாளில் எஃப்.பி.ஐ. விசாரிச்சுச் சொன்னது. ஒரு பையன், மூணு கவுண்டி. டாலஹாச்சி ஷெரிஃப் இது என் எல்லை என்று வழக்கை எடுத்துக்கிட்டார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? எதிர்த்தரப்பு சாட்சியாப் போய், ஆத்துல கிடைச்ச உடல் அந்தப் பையனோடதுதானான்னே சொல்ல முடியாதுன்னு சாட்சி சொன்னார்! டாலஹாச்சிக்கும் ரெண்டு தலைநகர்: சார்ல்ஸ்டன், சம்னர். விசாரணை நடந்தது சம்னரில், செப்டம்பர் 19லேர்ந்து 23 வரை.

பன்னிரண்டு பேர் ஜூரி. எல்லாரும் வெள்ளைக்கார ஆம்பளைங்க. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தாத்தான் ஜூரி ஆகலாம். கறுப்பர்களைப் பட்டியலிலேயே சேர விடலை. பெண்கள் மிசிசிப்பி ஜூரியில் உக்கார 1968 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்னு, நிறைஞ்ச கோர்ட்டில், மிலமைக் கையை நீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரைக் கொலைக் கூண்டில் வெச்சுக் கையை நீட்டுறதுன்னா உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டுச் செய்ற வேலை. சாட்சி சொன்ன கையோட ஊரையே விட்டுப் போயிட்டார். ஜூரி எடுத்துக்கிட்ட நேரம் 67 நிமிஷம். நடுவுல சோடா குடிக்க நிறுத்தலைன்னா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னு அதில் ஒருத்தர் சொன்னதாப் பத்திரிகையில் வந்தது. தீர்ப்பு: குற்றவாளிகள் இல்லை.

கடத்தல் வழக்கு லெஃப்ளோர் கவுண்டியில் தனியா பாக்கி இருந்தது. நவம்பரில் அங்கே கிராண்ட் ஜூரி கூடி, வழக்கே தொடர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கிராண்ட் ஜூரிங்கிறது தண்டிக்கிற ஜூரி இல்லை, ஒருத்தர் மேல குற்றம் சாட்டலாமா வேண்டாமான்னு கதவுக்குப் பின்னாடி முடிவு பண்ற கூட்டம். அடுத்த ஜனவரியில், 1956ல், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் லுக் பத்திரிகையில் காசு வாங்கிக்கிட்டு, ஆமா நாங்கதான் கொன்னோம்னு சொன்னாங்க. விடுதலையானவங்களை அதே கொலைக்கு மறுபடி விசாரிக்க முடியாது. மிலம் 1980லயும் பிரையன்ட் 1994லயும் செத்துப் போனாங்க. ஒரு நாள்கூட இதுக்காகத் தண்டனை அனுபவிக்கலை.

இப்போ காகிதங்களுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டில் உலகமே உத்துப் பார்த்த ஒரு விசாரணை. சம்னர் கோர்ட்டில் எத்தனையோ பத்திரிகைக்காரங்க உக்காந்திருந்தாங்க. சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிச்ச சாட்சியங்கள் 350 பக்கத்துக்கு மேல. அது காணாமப் போச்சு! 1960களின் ஆரம்பத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவர் அதை வெச்சுத்தான் தன் முதுகலை ஆய்வை எழுதினார். அதுக்கப்புறம் எங்கேன்னு யாருக்கும் தெரியலை. ரொம்ப வருஷம் அந்த வழக்கைப் பத்தி எழுதின எல்லாரும் பழைய செய்தித்தாளை வெச்சுத்தான் எழுதினாங்க.

2004ல் மத்திய அரசு வழக்கைத் திரும்பத் திறந்தது. அப்போதான் எஃப்.பி.ஐ. கையில் ஒரு நகல் கிடைச்சது. நகலோட நகல், எழுத்தெல்லாம் மங்கிப் போனது. உக்காந்து வரிவரியாப் படிச்சுத் திரும்ப டைப் அடிச்சாங்க. 2006ம் வருஷத்து எஃப்.பி.ஐ. அறிக்கையோட பின்னிணைப்பா அது இருக்கு. நானும் படிச்சேன். கேரலின் பிரையன்ட் சாட்சி சொன்ன இடம் வருது. அப்போ நீதிபதி ஜூரியை வெளியே அனுப்பிட்டார். ஜூரி காதில் விழக்கூடாதுன்னு வெளியேத்தினாலும், பதிவாளர் விரல் நிக்கலை, ஒவ்வொரு வார்த்தையும் ஏறியிருக்கு. கேள்வி, பதில், ஆட்சேபம், கேள்வி, பதில். மோசஸ் ரைட்டை வக்கீல் பேர் சொல்லி, பெரியவர்னு ஒரு மரியாதை இல்லாமக் கூப்பிடுறதும் அப்படியே இருக்கு. செய்தித்தாள் படிக்கிறதுக்கும் இதைப் படிக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம், கல்யாணத்துக்குப் போனதுக்கும் ஆல்பம் பார்க்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம். (துக்க விஷயத்துக்குக் கல்யாண உதாரணம் சொல்றேன், மன்னிக்கணும். வேற தோணலை.)

காகிதம் தொலையறதுக்கு இங்கே பல வழி இருந்திருக்கு. 1871 அக்டோபரில் சிகாகோ எரிஞ்சப்போ குக் கவுண்டி கோர்ட்டும் அதிலிருந்த நிலப் பத்திரங்களும் சாம்பல். யார் நிலம் யாருக்குன்னு தீர்க்க அடுத்த வருஷமே அதுக்குன்னு ஒரு சட்டம் போட வேண்டியதாப் போச்சு. வர்ஜீனியா கதை இன்னும் பாவம். உள்நாட்டுப் போர் சமயத்தில் சில கவுண்டி கிளார்க்குகள், நம்ம ஊர்ல இருந்தா எரிச்சுடுவாங்கன்னு பயந்து, ஆவணங்களைப் பத்திரமா ரிச்மண்டுக்கு அனுப்பி வெச்சாங்க. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிஞ்சது. அவங்க கோர்ட் கட்டடம் எரியாம நின்ன கவுண்டிகளும் உண்டு. பரம்பரையைத் தேடுறவங்க இன்னிக்கும் அந்தக் கவுண்டிகளை ‘எரிஞ்ச கவுண்டிகள்’னுதான் சொல்றாங்க.

ஆனா தீ, வெள்ளம்னா ஒரு காரணம் இருக்கு. எதுவும் ஆகாம, யாரும் எடுக்காம, பெட்டியில் சும்மா இருக்கிற காகிதம்தான் எனக்கு ஆச்சரியம். செயின்ட் லூயிஸில் அப்படித்தான். அடிமையா வெச்சிருக்கிறது செல்லாதுன்னு அடிமைகளே போட்ட வழக்குகள், 1814லேர்ந்து 1860 வரைக்கும், கிட்டத்தட்ட 300. டிரெட் ஸ்காட் 1846ல் போட்ட வழக்கு மட்டும் எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கு. மத்ததெல்லாம் மடிச்சுக் கட்டின கட்டுக்குள்ளே, நூறு வருஷத்துக்கும் மேல. 1990களில் ஆவணக்காப்பகத்துக்காரங்க கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தப்போதான் இத்தனை பேர் வழக்குப் போட்டிருக்காங்கன்னே வெளியே தெரிஞ்சது. எழுதப் படிக்கத் தெரியாம கீறல் போட்ட ஆளுங்க. அந்தக் கீறலும் பொது ஆவணம்தான்.

திரும்ப லெஃப்ளோருக்கு வரேன். பையனைத் தூக்கிக்கிட்டுப் போன மறுநாள், 1955 ஆகஸ்ட் 29, அங்கே ஒரு பிடிவாரண்டு போட்டாங்க. அதில் மூணு பேர். மிலம், ராய் பிரையன்ட், அப்புறம் ‘திருமதி ராய் பிரையன்ட்’. முதல் ரெண்டு பேரைப் பிடிச்சாச்சு. மூணாமவரைப் பிடிக்கலை. அந்தம்மாவுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கு, தொந்தரவு பண்ண விரும்பலைன்னு லெஃப்ளோர் ஷெரிஃப் நிருபர்கள்கிட்டேயே சொன்னார். இது ரகசியம் இல்லை. 1955 செய்தித்தாளில் வந்தது. வாரண்டு ஒண்ணு இருந்ததுன்னு ஊருக்கே தெரியும். அந்தக் காகிதத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

2022 ஜூனில் டில் குடும்பத்து உறவுக்காரப் பெண்கள் ரெண்டு பேர், அம்மாவும் மகளும், டில் வழக்கைப் பல வருஷமாத் துரத்திக்கிட்டிருக்கிற டாக்குமென்டரி இயக்குநர் கீத் போஷாம்ப், இன்னும் சிலர் சேர்ந்து கிரீன்வுட் ஊருக்குப் போனாங்க. லெஃப்ளோர் கோர்ட் அங்கேதான். கீழே, பேஸ்மென்ட். பெட்டிகள் பத்தாண்டு வாரியா வெச்சிருந்தது. 1950கள், 1960கள்னு. அதைத் தவிர எந்த அடையாளமும் கிடையாது. குற்றம் சாட்டவே மறுத்துட்ட வழக்கோட காகிதத்தை எந்த எண்ணில் தேடுறது? கேரலின் பிரையன்ட்னு தேடினாலும் கிடைக்காது. அந்தம்மா பேரே அதில் இல்லை. பின்னாடி மறுமணம் பண்ணிக்கிட்டு டோன்ஹம்னு பேர் மாறிட்டாங்க, அதுவும் உதவாது. ஒவ்வொரு பெட்டியா, ஒவ்வொரு ஃபைலாத்தான் பிரிச்சுப் பார்க்கணும். பார்த்தாங்க. ஒரு ஃபைலுக்குள்ளே இருந்தது. சர்க்யூட் கிளார்க் அது உண்மையான ஆவணம்தான்னு முத்திரை போட்டுச் சான்று கொடுத்தார். அதிர்ஷ்டம்தான்னு அவரே சொன்னார்.

ஜூரி எடுத்துக்கிட்டது 67 நிமிஷம், காகிதம் கிடைக்க 67 வருஷம். எழுதும்போதுதான் கவனிச்சேன்.

யாரும் ஒளிச்சு வெச்சதா எனக்குத் தெரியலை. பூட்டு போட்டு வெச்சிருந்தாக்கூட ஒருவேளை சீக்கிரம் கிடைச்சிருக்கும், பூட்டை உடைக்க யாராவது வந்திருப்பாங்க. இது திறந்தே கிடந்தது. போய்க் கேட்கிற துணிச்சல் 1955ல் அங்கே எந்தக் கறுப்பருக்கு இருந்திருக்கும்? ஓட்டுப் பதிவு பண்ணவும் அதே கட்டடத்தில் அதே கிளார்க்கிட்டேதான் போகணும். அங்கே என்ன மரியாதை கிடைச்சதுன்னு மிசிசிப்பி சரித்திரம் படிச்சவங்களுக்குத் தெரியும்.

கிடைச்சு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2022 ஆகஸ்டில் லெஃப்ளோர் கிராண்ட் ஜூரி மறுபடி கூடிச்சு. 7 மணி நேரத்துக்கு மேல சாட்சியம் கேட்டுட்டு, ஆதாரம் போதலைன்னு குற்றம் சாட்ட மறுத்துட்டாங்க. 2007லயும் இதே கவுண்டியில் இதே பதில்தான். 2023 ஏப்ரலில் கேரலின் லூசியானாவில் இறந்து போனாங்க, வயசு 88. அந்த வாரண்டைக் கொண்டுபோய்க் கடைசி வரைக்கும் யாரும் அவங்க கையில் கொடுக்கலை. மேமி டில் அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 2003லயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

அப்போ தேடினது வீண்தானேன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் ஒத்துக்கலை. அதுவரைக்கும் அது பேப்பரில் வந்த ஒரு வரி. பேப்பர்ல ஆயிரம் வரும்னு தள்ளிடலாம். இப்போ சட்டமே அன்னிக்கு மூணு பேரைப் பிடின்னு எழுதியிருக்குங்கிறதுக்குத் தேதி போட்ட, முத்திரை குத்தின காகிதம் இருக்கு. மூணாமவரைப் பிடிக்காதது மறதி இல்லை, ஒரு ஷெரிஃப் எடுத்த முடிவுன்னு இனிமே யாரும் வாதாடியெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. “ஆளுக்கு வயசாச்சே, விட்டுடலாமே”ன்னு தங்கமணி சொன்னாங்க. அதுக்கு என்கிட்டே பதில் இல்லை. பையனுக்குப் பதினாலுக்கு மேல வயசே ஆகலை.

கோர்ட்டில் பார்த்த அந்தப் பெண்மணிக்கு வருவோம். நம்பர் வாங்கி வெச்சிருந்தேன். கூப்பிட்டு, நான் வேணா ஒருநாள் கூட வரட்டுமான்னு கேட்டேன். அவருக்குப் பொடி எழுத்து தெரியலை, எனக்கு அந்த ஊர்ப் பேரெல்லாம் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள். ஆபீஸ்ல அரை நாள் லீவு.

அவர் தாத்தாவுக்கு 40 ஏக்கர். உயில் எழுதாமச் செத்துப் போயிட்டார். நம்ம ஊர்லயும் பார்த்த கதைதான். பட்டா தாத்தா பேரிலேயே இருக்கும், பேரன் பேத்தி இருபது பேர் பங்காளிகள். இங்கே அந்த இருபதில் ஒருத்தர் தன் பங்கை வெளியாளுக்கு வித்தா, வாங்கினவர் கோர்ட்டுக்குப் போய், பிரிக்க முடியாது, மொத்தத்தையும் ஏலம் விட்டுக் காசாக் கொடுங்கன்னு கேட்கலாம். தென் மாநிலங்களில் கறுப்புக் குடும்பங்கள் கையிலிருந்த நிலம் நிறைய இந்த வழியில் போயிருக்கு. 2010ல்தான் இதைக் கொஞ்சமாவது தடுக்க ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, பல மாநிலங்கள் ஏத்துக்கிட்டாங்க. இவங்க நிலம் அதுக்கு ரொம்ப முன்னாடி, இவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஏலம் போனது. யார் விட்டுக் கொடுத்ததுன்னு குடும்பத்தில் இன்னிக்கும் சண்டை. ரெண்டு கிளை பேசிக்கிறதில்லை.

பேஸ்மென்ட்டில் அட்டவணைப் புத்தகம் ஒவ்வொண்ணும் ஆட்டுக்குட்டி கனம். பேரோட முதல் எழுத்து வரைக்கும்தான் அகரவரிசை. அதுக்குள்ளே வழக்குப் போட்ட தேதி வரிசை. ஒரு எழுத்துக்கு எழுபது எண்பது பக்கம், மேலேர்ந்து கீழே படிக்கணும். நாலு தடவையும் அவர் தாத்தா பேரில் தேடியிருக்கார். நான் எதிர்த்தரப்புப் பேரில் தேடலாமேன்னேன். ஏலத்தில் எடுத்தவர் பேர் அவருக்கு நல்லாத் தெரியும், சின்ன வயசுலேர்ந்து வீட்டில் கேட்ட பேர். வாதிகள் அட்டவணையில் பதினோராவது பக்கத்தில் இருந்தது. பிரதிவாதி இடத்தில் தாத்தா பேரே இல்லை. செத்தவர் மேல எப்படி வழக்குப் போடுவாங்க? மூத்த அத்தையோட வீட்டுக்காரர் பேரைப் போட்டு, ‘மற்றும் பலர்’. அந்தப் பலரில் இவரோட அம்மா ஒருத்தர்.

எண்ணைக் குறிச்சுக் கொடுத்தேன். கிளார்க் பொண்ணு பத்து நிமிஷத்தில் ஃபைலோட வந்துடுச்சு. 38 பக்கம், பக்கத்துக்கு 50 சென்ட், முத்திரைக்குத் தனியா சில டாலர். நான் பணத்தை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். எண்ணி எண்ணி அவரே கொடுத்தார்.

நகலை வாங்கி, முதல் பக்கத்தில் அம்மா பேர் இருக்கான்னு மட்டும் பார்த்தார். இருந்தது. பங்கை வித்தது யார்னு உள்ளே இருக்கும், பார்க்கலையான்னு கேட்டேன். “இங்கே வேண்டாம் ஹனி. தங்கச்சியும் வரட்டும்” என்று ஃபைலை மூடிக் கைப்பைக்குள் வெச்சுக்கிட்டார்.

அடுத்த மாசம் பக்கத்துக் கவுண்டிக்குப் போகணுமாம். தாத்தாவோட அண்ணனுக்கும் அங்கே நிலம் இருந்ததாம். அதுக்கும் லீவு சொல்லியாச்சு. இந்தத் தடவை 45லதான் போகப் போறேன் :-)